செவலை திரும்பவில்லை

"பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன், அம்மா. செவலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை."

பொன்னுரங்கம் நரைத்த தலையைக் குனிந்துகொண்டார். மடத்துப் பசு முந்தாநாள் வெள்ளத்தோடு போய்விட்டது. அதை வளர்த்தவர் அவர்.

குரு தைலம்மை அவரைவிட இளையவர். சிறுவயதிலேயே ஒரு கால் சூம்பிவிட்டது. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் எதிரே உட்கார்ந்தார்.

"எங்கே நின்றது?"

"ஆற்று நடுத்திட்டில். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நான் இறங்க முடியாத இழுப்பு. ஆனால், அது நீந்தி வந்திருக்கும். காதுகூட அசையவில்லை. குனிந்து மேய்ந்துகொண்டே இருந்தது."

"தினமும் எப்படிக் கூப்பிடுவீர்கள்?"

"பருத்திக்கொட்டை டப்பாவை ஆட்டுவேன். ஓடி வரும். வந்ததும் ஒரு கைப்பிடி தின்ன வைப்பேன். அது பழகிய பிறகு, பெயரும் தெரியட்டுமே என்று ஆட்டிக்கொண்டே செவலை, செவலை என்பேன்."

"ஆட்டாமல், பெயரை மட்டும் சொல்லித் தீனி வைத்ததுண்டா?"

"இல்லை. அதுதான் டப்பாவுக்கே வந்துவிடுமே."

தைலம்மை கொட்டில் இருந்த பக்கம் பார்த்தார்.

"அன்றைக்கு டப்பா கொட்டிலில் கிடந்தது. எடுத்துவர நினைப்பே வரவில்லை, அம்மா. பெயர்தான் தெரியுமே என்று நின்றுவிட்டேன். நன்றி கெட்ட மாடு என்று திட்ட வாய் வருகிறது."

"திட்டுங்கள். உங்கள் குரல்தான் அதன் காதில் ஏறாதே."

பொன்னுரங்கம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நேற்றுப் பாடத்தில் நான் என்ன சொன்னேன்?" என்றார் தைலம்மை.

"நான் சொன்ன பதிலுக்குத் தலையசைத்தீர்கள்."

"அது இருக்கட்டும். நான் சொன்னது?"

அவர் யோசித்துப் பார்த்தார். ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை.

"நான் பேசும்போது எதைக் கவனிப்பீர்கள்?"

"உங்கள் தலையைத்தான். அசையும்வரை பதிலை மாற்றி மாற்றிச் சொல்வேன். அசைந்துவிட்டால் நிறுத்திவிடுவேன்."

"நான் பழக்கிய பழக்கம்," என்றார் தைலம்மை.

பிறகு மெல்ல நகர்ந்து, அவருக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அப்படியே அன்றைய பாடத்தைத் தொடங்கினார்.

பொன்னுரங்கத்துக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு கொண்டை, ஒரு வெள்ளைப் புடவை, அவ்வளவுதான். வேறு வழியில்லாமல் அவர் கேட்க ஆரம்பித்தார்.

"அம்மா, உங்கள் குரல் கம்மியிருக்கிறதே. எப்போதிலிருந்து?"

"முந்தாநாளிலிருந்து. கொட்டில் வாசலில் நின்று கத்தியதில்."

"நீங்களும் செவலையைக் கூப்பிட்டீர்களா?"

தைலம்மை திரும்பவில்லை.

"செவலைக்கு டப்பா வேண்டும். அதை வந்து எடுத்துப்போகச் சொல்லி நான் கூப்பிட்டது உங்களை."