துண்டுக்கடியில் ஒரு காளை

"சாமி, ஒரு காளைக்கு விலை வெக்கத் தெரியாமப் போச்சுங்க."

இதைச் சொன்னவர் மாட்டுத் தரகர் சென்னியப்பன். வேறு யாராவது சொல்லியிருந்தால் பரவாயில்லை. முப்பத்தெட்டு வருஷம் சந்தையில் மாடு கைமாற்றிவிட்ட மனிதர் வந்து சொன்னதுதான் கூத்து.

மடத்துச் சாமி பூசணிப் பாத்தியில் களை பறித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஊமைச்சாமி என்று பேர். ஆள் ஊமை இல்லை. பேசுவதற்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது என்று நினைப்பவர், அவ்வளவுதான்.

சாமிக்கு வயது முப்பத்தாறு. சென்னியப்பனுக்கு அறுபத்திரண்டு. மகன் வயதுக்காரனைப் போய்க் கும்பிடுகிறாரே என்று சந்தையில் கேலி பண்ணினார்கள். சென்னியப்பன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆறு வருஷமாக வந்துகொண்டுதான் இருந்தார்.

"யாரோட காளை?" என்றார் சாமி.

"என்னுதுங்க."

"அதனாலதான் தெரியலை."

சென்னியப்பன் வரப்பில் கையை ஊன்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெதுவாக உட்கார்ந்தார். சாமி பார்த்தார்.

காளை சிந்தி இனம், நல்ல செவலை. உழவுக்கோ வண்டிக்கோ இல்லை. நன்றாகக் கறக்கிற கன்று வேண்டும் என்பதற்காகவே வளர்த்த பொலிகாளை. ஐந்து வருஷமாக அக்கம்பக்கத்துப் பசுவெல்லாம் அதனிடம்தான் வந்தன. அதன் மூத்த மகள் ஒரு வேளைக்கு ஏழு லிட்டர் கறக்கிறாள்.

அங்கேதான் வந்தது வினை. மகள்களெல்லாம் பருவத்துக்கு வந்துவிட்டன. பெற்ற தகப்பனோடு சேர்த்தால் வம்சம் கெட்டுப்போகும். இனி அந்த ஊரில் அதற்கு வேலை இல்லை. வெளியூருக்கு விற்றுத்தான் ஆகவேண்டும்.

"வாங்க ஆள் இருக்குதா?"

"தாராபுரத்துப் பக்கம் வையாபுரின்னு ஒருத்தருங்க. பத்து மாடு வெச்சிருக்கார். போன வாரம் பெண்சாதியோட வந்து காளையையும் பார்த்தார், மகளுங்களையும் பார்த்தார். ரெண்டு பேருக்கும் புடிச்சுப் போச்சு. இன்னைக்கு மத்தியானம் இங்கயே வர்றாங்க. வழியிலதானே மடம் இருக்குது, இங்க வெச்சே முடிச்சுக்கலாம்னு சொல்லிட்டேன்."

"அப்புறம் என்ன?"

சென்னியப்பன் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். மார்பைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தது. கட்டுக்குக் கீழே தோல் இன்னும் கன்றிக் கிடந்தது.

"இருபது நாளாச்சுங்க. தீவனம் போடப் போனேன். கன்னுக்குட்டியிலிருந்து என் கையில வாங்கித் தின்ன காளை. ஒண்ணுமே பண்ணலைங்க. தலையைச் சாய்ச்சு ஒரே முட்டு. சுவத்தோட வெச்சு அழுத்திருச்சு. விலா ரெண்டு போச்சு. வீட்டுல மொபெட்டுல இருந்து விழுந்துட்டேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"வெளிய தெரிஞ்சா எவன் வாங்குவானுங்க? ஆளை முட்டற மாடுன்னு பேராயிட்டா அடிமாட்டு லாரிதான். அதைக் கத்திக்கு அனுப்ப எனக்கு மனசு வரலை சாமி."



"சொல்லாம வித்துட்டா?"

"அங்க தீவனம் போடறது வையாபுரியோட பெண்சாதிங்க."

சாமி இன்னொரு களையைப் பிடுங்கி மண்ணை உதறினார்.

சென்னியப்பன் குரலைத் தாழ்த்தினார். "நான் ஒரு யோசனை பண்ணி வெச்சிருக்கேனுங்க. அறுபதாயிரம் போற காளை. விலையைக் கொறச்சுக் குடுத்துட்டா? அப்ப நம்ம மேல குத்தம் இல்லை பாருங்க. எத்தனை கொறச்சா நியாயம்னுதான் புடிபடலை. பத்தா, இருபதா?"

மாட்டில் குறை இருந்தால் விலையில் கழிக்க வேண்டும். சந்தை வழக்கம் அது. குறையைச் சொல்லிக் கழிப்பவனும் உண்டு, சொல்லாமல் கழிப்பவனும் உண்டு. சொல்லாமல் கழித்துவிட்டு, நியாயம் செய்துவிட்டோம் என்று வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன ஒரு தரகனால்தான் முடியும்.

"கட்டுப் போட்ட வைத்தியர் எவ்வளவு வாங்குனார்?" என்றார் சாமி.

"எண்ணூறு ரூவாய்ங்க."

"அப்ப எண்ணூறு கொறச்சுக்கங்க."

சாமி சிரிக்கவில்லை. சென்னியப்பனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

கொஞ்ச நேரம் கழித்து சாமியே கேட்டார்.

"துண்டு இருக்குதுங்களா?"

தரகரிடம் துண்டு இருக்கிறதா என்று கேட்கலாமா? அதுதானே அவர் கடை. சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இருவர் கையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, அதற்கடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரல் பத்தாயிரம். ஐந்தையும் பிடித்தால் ஐம்பது. அதற்கும் மேலே என்றால் விட்டுவிட்டு மறுபடியும் பிடிப்பார்கள். கையை இறுக்கிக் குலுக்கினால் படிந்தது என்று அர்த்தம். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை அந்த இரண்டு கைகளுக்குத்தான் தெரியும். சென்னியப்பன் இத்தனை வருஷத்தில் ஒரு விலையை வாயால் சொன்னதில்லை.

"இருக்குதுங்க" என்றார்.

"ரெண்டு கையையும் மூடிக்குங்க. இடது கை விக்கட்டும். வலது கை வாங்கட்டும். எதுல படியுதுன்னு பார்த்துச் சொல்லுங்க."

"ரெண்டும் என் கைதானுங்களே?"

"ஆமா. சந்தையிலயே கெட்டிக்காரக் கைன்னு சொல்றாங்க."

சாமி அடுத்த பாத்திக்குப் போய்விட்டார்.

சென்னியப்பன் புங்க மரத்தடியில் உட்கார்ந்து துண்டை மடியில் விரித்தார். யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் உள்ளே விட்டார்.

இடது கை ஐந்து விரலையும் கொடுத்து, பிறகு ஒன்றைக் கொடுத்தது. அறுபது.

வலது கை மூன்றைப் பிடித்தது. பழக்கதோஷம்.

சென்னியப்பனுக்கே சிரிப்பு வந்தது. இடது கை ஐம்பதுக்கு இறங்கியது. வலது கை மூன்றிலேயே நின்றது. நாற்பது. இடது கை காளையின் மகள்களைச் சொல்லிப் பார்த்தது, ஏழு லிட்டரைச் சொல்லிப் பார்த்தது. வலது கை பிடித்திருந்த மூன்றையும் விட்டுவிட்டது.

வெயில் மரத்தைச் சுற்றி நகர்ந்தது. இடது கை அடிமாட்டு விலைக்கு இறங்கி வந்தது. அந்த விலைக்கு மாடு வேண்டாம் என்று சொன்ன ஆளை சென்னியப்பன் இதுவரை பார்த்ததில்லை. வலது கை அசையவில்லை.

கடைசியில் இடது கை விரல் எதையும் நீட்டவில்லை. மூடிய கையைக் கொண்டுபோய் வலது கையில் வைத்தது. காசே வேண்டாம், கட்டிக்கொண்டு போ என்று அதற்கு அர்த்தம்.

வலது கை அதையும் வாங்கவில்லை.

சென்னியப்பனுக்கு முதுகு வேர்த்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாமியிடம் போனார்.

"படியலைங்க. சும்மா குடுத்தும் வாங்கலை."

"எதனாலயாம்?"

"அதுக்கு விசயம் தெரிஞ்சிருக்குதுங்க."

சாமி குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

மத்தியானம் வையாபுரி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னால் அவர் மனைவி பூவாத்தாள். காளையை ஏற்றிப்போக வண்டி கூடப் பேசி வைத்துவிட்டார்களாம். சாமி பூவாத்தாளுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தார். அவள் வாங்கிக் குடித்துவிட்டு, ஆம்பிளைகள் பேசட்டும் என்று நாலடி தள்ளி நின்றாள்.

"தரகரண்ணா, உங்ககிட்டப் போய் நான் பேரம் பேசுவேனா?" என்று சொல்லிக்கொண்டே வையாபுரி எதிரில் உட்கார்ந்தார்.

துண்டு விழுந்தது. கைகள் உள்ளே போயின. வையாபுரி ஐந்து விரலையும் பிடித்தார். விட்டார். ஒன்றைப் பிடித்தார்.

அறுபது. சென்னியப்பன் மனதில் வைத்திருந்த அதே விலை.

அவர் குலுக்கவில்லை. துண்டு விலகாமல் வையாபுரியின் கையைப் பிடித்து இழுத்து, தன் சட்டைக்குள் கொண்டுபோய், கட்டின் மேல் வைத்தார்.

வையாபுரியின் விரல்கள் அங்கேயே நின்றன. மாடு வைத்திருப்பவனுக்கு அது போதும். எந்த உயரத்தில், எவ்வளவு வேகத்தில் முட்டியது என்று கையே சொல்லிவிடும்.

"காளையா?" என்று சத்தமில்லாமல் உதட்டை அசைத்தார்.

சென்னியப்பன் தலையை ஆட்டினார். இருபது நாளாக விட முடியாத மூச்சை அப்போதுதான் முழுதாக விட்டார். இனி இவர் எழுந்து போய்விடுவார், மாலைக்குள் லாரிக்காரன் வந்துவிடுவான் என்று நினைத்தார்.

வையாபுரி எழுந்து போகவில்லை. அவர் கை துண்டுக்கடியில் திரும்பி வந்தது. நாலு விரலைப் பிடித்தது.

வையாபுரி கெட்டவர் இல்லை. மலிவாகக் கிடைத்தால் விடாதவர், அவ்வளவுதான்.

நாற்பது. அடிமாட்டு விலைக்கு மேலே. காளை பிழைத்துவிடும். விற்பவனுக்கும் தெரியும், வாங்குபவனுக்கும் தெரியும், மறைத்தது எதுவும் இல்லை. சென்னியப்பனுக்கு அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது. கையை இறுக்கிக் குலுக்க வேண்டியதுதான் பாக்கி.

"படிஞ்சுதுங்களா?" என்றாள் பூவாத்தாள். "சீக்கிரம் முடிச்சா, பொழுதோட ஊட்டுக்குப் போய் அதுக்குத் தண்ணி காட்டிருவேன்."

"இரு புள்ளே. முடியப் போகுது" என்றார் வையாபுரி. அவள் பக்கம் திரும்பவில்லை.

சென்னியப்பன் அவளைப் பார்த்தார். பிறகு துண்டைப் பார்த்தார். தன்மேலேயே அவருக்கு வெட்கமாக இருந்தது.

துண்டைப் பிடித்து இழுத்தார்.

வெட்டவெளியில் வையாபுரியின் கை நாலு விரலைப் பிடித்தபடி இருந்தது. பட்டப்பகலில் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அம்மணி" என்றார் சென்னியப்பன். "இந்தக் காளை ஆளை முட்டும். என் விலா ரெண்டை ஒடைச்சிருச்சு. உங்க ஊட்டுக்காரருக்கு இப்பத்தான் சொன்னேன். தீவனம் போடப் போறது நீங்க. வேணுமா வேண்டாமான்னு நீங்க சொல்லுங்க. வேணும்னா விலையும் நீங்களே சொல்லுங்க."

அவள் வேண்டாம் என்று சொன்னால் காளை லாரி ஏறும். அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

பூவாத்தாள் கிட்டே வந்து உட்கார்ந்தாள்.

"கொம்பாலயாங்க, நெத்தியாலயா?"

"நெத்தியால."

"கயித்த நீளமா உட்டிருந்தீங்களா?"

"நீளமாத்தான் அம்மணி. பழகின மாடுதானேன்னு."

"ஒரு தடவையா, பொறவும் வந்துதா?"

"ஒரு தடவைதான். அதுக்கப்பறம் நான் கிட்டப் போகலை."

அவள் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிணற்றடியில் சாமி குடத்தைக் கவிழ்க்கிற சத்தம் கேட்டது.

"எங்க அப்பன் ஊட்டுல முட்டற காளை இருந்ததுங்க. ஆள் உள்ள போகாமத் தீவனம் போடற மாதிரி இரும்புக் கம்பியில தடுப்பு வெச்சிருந்தாங்க. அந்த மாதிரி ஒண்ணு போடப் பத்தாயிரம் ஆகும். மகளுங்க கறக்கறதை நானே நின்னு பார்த்தேன். பாலுக்குண்டான விலை அறுபது, அதுல மாத்தமில்லை. தடுப்புக் காசு போக அம்பது தர்றோம். தடுப்பு முடிஞ்சதும் வந்து ஓட்டிக்கிறோம். அது வரைக்கும் உங்ககிட்டயே நிக்கட்டும். நீங்களும் கயித்தக் குட்டையாக் கட்டுங்க."

சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சரி என்று தலையை ஆட்டினார்.

வையாபுரிக்குத்தான் ஆறவில்லை.

"என்ன புள்ளே நீ. பேசாம இருந்திருந்தா நான் நாப்பதுக்கே முடிச்சிருப்பேன். பத்தாயிரம் மிச்சம்."

பூவாத்தாள் சென்னியப்பனின் விலாவை ஒருமுறை பார்த்துவிட்டு, புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பத்தாயிரம் எதுக்குண்டான விலைங்க?"