எழும்பாத காகிதம்

சீனிராஜ் சாரிடம் படிப்புக்குக் குறைச்சல் இல்லை. இயற்பியலில் எம்.எஸ்சி., அதற்கு மேல் எம்.எட். வரை முடித்தவர். நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறார். கணீரென்ற குரல், முத்து முத்தான கையெழுத்து. பாடம் முடிந்ததும் "சந்தேகம் ஏதாவது இருக்கா?" என்பார். "இல்லை சார்" என்று வகுப்பு மொத்தமும் ராகம் போட்டுச் சொல்லும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதே ராகம்தான்.

ரிட்டயர் ஆவதற்குள் ஒரு பிள்ளையாவது எழுந்து நின்று தன்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும். அந்த மனுஷனுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று வீட்டில்கூடச் சொன்னதில்லை.

அந்த ஆசை முற்றிப்போய்த்தான், தன்னைவிட ரொம்ப இளையவரான மங்கையர்க்கரசியிடம் போய் சிஷ்யனாக நின்றார். பழைய செய்தித்தாள், பலூன், உறிஞ்சுகுழல் எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்கு விமானம் பறக்கிற வித்தையைச் சொல்லிக்கொடுக்கிறவர் மங்கை டீச்சர். அவர் வகுப்பில் பிள்ளைகள் கேள்வி கேட்டே ஆளைப் பிய்த்துவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

"பிள்ளைங்களைக் கேள்வி கேட்க வைக்கிறது எப்படி டீச்சர்? எனக்கும் சொல்லிக்கொடுங்க" என்றார் சீனிராஜ்.

"சனிக்கிழமை ஒரு வகுப்பு இருக்கு. வந்து உக்காருங்க சார்."

போய் உட்கார்ந்தார். வகுப்பா அது, சந்தைக்கடை. மங்கை ஒரு காகித விமானம் மடித்து வீசினார். அது நாலடிகூடப் போகாமல் தலைகுப்புற விழுந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஏன் டீச்சர் குப்புற விழுந்துச்சு?"

"அதானே. நீ என்ன நினைக்கிற?"

சீனிராஜுக்கு உடம்பெல்லாம் அரித்தது. மூக்கில் பாரம் கூடிப்போச்சு, வேறென்ன. சின்னப் பிள்ளைக்கும் புரிகிற சமாச்சாரம். இந்த அம்மா தெரிந்துகொண்டே வாயைத் திறக்காமல் நிற்கிறாரே. பக்கத்தில் ஒரு பையன் ஒரு இறக்கையைப் பெரிதாகவும் இன்னொன்றைச் சிறிதாகவும் மடித்துக்கொண்டிருந்தான். பொறுக்க மாட்டாமல் அதைப் பிடுங்கித் திருத்தப் போனார்.

"சார், உக்காருங்க" என்றார் மங்கை.

உட்கார்ந்தார். பையனின் விமானம் வட்டமடித்து அவர் மண்டையிலேயே வந்து இடித்தது. "இது மட்டும் ஏன் சுத்துது?" என்று பிள்ளைகள் மங்கையை மொய்த்துக்கொண்டார்கள்.

வகுப்பு கலைந்ததும் சீனிராஜ் பிடித்துக்கொண்டார். "மூக்கு கனமா இருக்கு, அதான் விழுது. ஒரே வரி டீச்சர். சொல்லிட்டா முடிஞ்சு போச்சு."

"ஆமா சார். முடிஞ்சு போயிரும்" என்றார் மங்கை.

"நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலை."

"வியாழக்கிழமை நான் உங்க வகுப்புக்கு வர்றேன்."

இதென்ன பேச்சு என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். வந்த பிறகு அவருக்கே ஒரு யோசனை தோன்றியது. அந்த அம்மா வகுப்பில் எல்லாம் கோணல்மாணலாகப் போகிறது, அதனால் பிள்ளைகள் கத்துகிறார்கள். நம் வகுப்பில் எல்லாம் கச்சிதமாக நடந்தால் அசந்துபோய் நல்ல கேள்வியாகக் கேட்பார்கள். அவ்வளவுதானே.

ராப்பகலாக உட்கார்ந்து பிள்ளைக்கு ஒன்றாக விமானங்களைத் தானே மடித்தார். ஒவ்வொன்றையும் வீசிப் பார்த்து, நேராகப் பறந்ததைத்தான் பையில் வைத்தார். அடுத்த சோதனைக்காக நீளநீளமாகக் காகிதப் பட்டைகள் வெட்டினார். பட்டையின் ஒரு முனையை உதட்டுக்குக் கீழே பிடித்து மேலாக ஊதினால், தொங்கிக்கொண்டிருக்கும் காகிதம் ஜம்மென்று மேலே எழும்பும். வீட்டில் ஊதிப் பார்த்தார், எழும்பியது. பிள்ளைகள் எச்சில் பட்டால் நைந்துபோகுமே என்று எல்லாவற்றையும் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டுக்கொண்டு வந்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் எது நன்றாக இருந்தாலும் அதற்கு லேமினேஷன் போட்டு பீரோவில் வைத்துவிடுவார்கள். லேமினேஷன் போட்ட பிறகு ஒரு தடவை ஊதிப் பார்ப்போம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை மங்கை கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

விமானங்கள் ஒன்றுவிடாமல் எதிர்ச்சுவர் வரைக்கும் பறந்தன. பிள்ளைகள் கைகட்டிப் பார்த்தார்கள். ஏன் பறக்கிறது என்று சீனிராஜ் அட்சரம் பிசகாமல் விளக்கினார்.

"சந்தேகம் ஏதாவது இருக்கா?"

"இல்லை சார்."

அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. கடைசி பெஞ்சைப் பார்த்தார். மங்கை ஜன்னல் வழியே வேப்பமரத்துக் காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, அடுத்தது. "இப்ப இந்தக் காகிதம் தானா மேல எழும்பும். காத்து வேகமாப் போற இடத்துல அழுத்தம் குறையும். அதனாலதான் எழும்புது" என்று முன்கூட்டியே காரணத்தைச் சொல்லி, போர்டிலும் எழுதி, அடிக்கோடும் போட்டுவிட்டுப் பட்டையை உதட்டுக்குக் கீழே வைத்து ஊதினார்.

எழும்பவில்லை. அது முதலில் தொங்கினால்தானே எழும்புவதற்கு? ஸ்கேல் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. மறுபடி ஊதினார். மூச்சைப் பிடித்து இன்னும் பலமாக ஊதினார். கண்ணை இருட்டிக்கொண்டு வந்ததே தவிர காகிதம் அசைந்து கொடுக்கவில்லை. வேறொரு பட்டையை எடுத்தார். அதுவும் அப்படியே. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஜன்னலோரத்தில் அங்காளேஸ்வரி என்று ஒரு பெண். ஆஜர் சொல்வதற்குத் தவிர வாயைத் திறக்காதவள். அன்றைக்கென்று எழுந்து நின்றாள்.

"சார், இது மட்டும் ஏன் சார் எழும்பல?"

சீனிராஜுக்கு ரத்தம் தலைக்கேறியது. வெளியூர் ஆளை உட்கார வைத்துக்கொண்டு மானம் போகிறதே என்ற எரிச்சல்.

"என்ன, நக்கலா? ஏறு பெஞ்சு மேல."

அவள் ஏறி நின்றாள்.

"வேற யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

"இல்லை சார்."

"போர்டுல இருக்கறதைப் பார்த்து எழுதுங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வராந்தாவுக்கு வந்தார். மங்கையும் பின்னாலேயே வந்தார்.

"பார்த்தீங்களா டீச்சர்? தொண்டை கிழியக் கத்தினேன். தூக்கமில்லாம உக்காந்து மடிச்சேன். மரக்கட்டை மாதிரி உக்காந்திருக்குதுக. உங்களையும் எவ்வளவு கேட்டேன். அங்க வந்து உக்காருங்கன்னீங்க, இங்க வந்து காக்காயைப் பார்க்கிறீங்க. ஒரு வார்த்தை பதில் இல்லை. என்னதான் செய்யணும் நான்?"

மங்கை அவர் கையிலிருந்த பட்டையை வாங்கினார். பிளாஸ்டிக் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தார்.

"எதுக்கு சார் இது?"

"பிள்ளைங்க கை பட்டுக் கெட்டுப்போகக் கூடாதுல்ல."

"கெடலை" என்று சொல்லி அதைத் திருப்பிக் கொடுத்தார்.

சீனிராஜ் பட்டையைச் சட்டைப்பையில் திணித்தார். "கிண்டல் பண்ணாதீங்க டீச்சர். இத்தனை வருஷமா வழி பார்த்துக்கிட்டு இருக்கேன். ஒரே ஒரு கேள்வி. நான் போறதுக்குள்ள வருமா, வராதா? அதை மட்டும் சொல்லுங்க."

மங்கை ஜன்னல் வழியாக வகுப்பைப் பார்த்தார்.

"வந்துருச்சு சார். பெஞ்சு மேல நிக்குது."