கல்லில் இருந்த அக்காள் பெயர்

பொன்னூரை ஆண்ட வயிரநங்கை நாச்சியாருக்கு ஒரே அக்காள், நம்பிட்டி. அவள் செக்காட்டுகிறவனைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து நாச்சியாருக்கு வெளியில் சொல்ல வெட்கம். கோயில் கல்வெட்டிலோ அப்பா பெயருக்கும் தன் பெயருக்கும் நடுவே அக்காள் பெயர்.

கல்தச்சன் சாத்தனை ஊரார் முன்னால் அழைத்தாள். "அந்தப் பெயரை எடுத்துவிடு. எடுத்த தடம் தெரிந்தால் உன் கை இருக்காது."

"எடுத்துடலாம் தாயே. பள்ளம் தெரியாமலிருக்கச் சுற்றிலும் இழைக்கணும். மேலே உங்கள் அப்பா பெயரும் போகும், கீழே உங்கள் பெயரும் போகும். எதில் தொடங்கட்டும்?"

யாரோ சிரித்துவிட்டார்கள். நாச்சியாருக்கு முகம் கன்றிப்போயிற்று. "உளியை வை" என்று முணுமுணுத்துவிட்டு, பல்லக்கில் ஏறாமல் செக்குத் தெருவுக்கு நடந்தாள்.

வாசலில் தலைகுனிந்து நின்றவளைப் பார்த்து நம்பிட்டி திகைத்தாள்.

"கையெல்லாம் எண்ணெய்டி. தொட்டால் உன் பட்டு கெட்டுப்போகும்."

"கெடட்டும் அக்கா" என்றாள் நாச்சியார், தலை நிமிராமலே.