வளையல்காரர் வீட்டு ஓலைகள்

ஒரு ராஜாவின் ஒற்றர் தலைவர், பூமயிலின் புருஷனை வளையல் விற்கிற சாக்கில் பக்கத்து நாட்டுக்கு உளவு பார்க்க அனுப்பினார். அவன் பிடிபட்டுச் சிறையில் கிடந்தான். பூமயில் குலசாமியைக் கும்பிட்டுவிட்டு நேரே சபைக்கு வந்தாள்.

"அவரை மீட்டுத் தராமல் நான் போகமாட்டேன்."

"எவனென்றே எனக்குத் தெரியாதம்மா," என்றார் தலைவர். "என் ஆள்தான் என்றால் நிரூபி, பார்க்கலாம்."

பூமயில் மடியிலிருந்து ஓலைக்கட்டை எடுத்தாள். "சரிங்க ஐயா, அவர் வெறும் வளையல்காரர்தான். அவர் எழுதி வைத்த இதைச் சந்தையில் நின்று வாசிக்கிறேன். கேட்கிற புண்ணியவான் யாராவது மீட்டுத் தரட்டும்."

"அது அரசாங்க ரகசியம், இப்படிக் கொடு," என்று பாய்ந்தார் தலைவர்.

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை.

"நீரே போய் அவனை அழைத்து வாரும். வழியில் பிடிபட்டால், உம்மை எனக்குத் தெரியாது."