ஆறாவது குவார்ட்ஸ் குழாய்

“அந்தக் கட்டுரை சுத்தப் பொய், மேடம்!” என்றார் அருமைநாயகம்.

கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாக வேதியியல் நடத்துகிறவர். இந்தப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் பகுதிநேர ஆராய்ச்சி மாணவர். வழிகாட்டி ரெஹானா அவரைவிடப் பதினான்கு வயது சின்னவர்.

“எது பொய், சார்?”

“பதினஞ்சு பங்கு ஜெர்மானியம், எண்பத்தஞ்சு பங்கு டெல்லூரியம். குவார்ட்ஸ் குழாய்ல அடைச்சு, உருக்கிக் குளிரவெச்சா கண்ணாடி வருமாம். அஞ்சு தடவை செஞ்சேன். அஞ்சையும் உடைச்சுப் பார்த்தேன். அஞ்சும் படிகம்!”

“எடை?”

“நாலு தசமம் வரைக்கும் சுத்தம்.”

“குழாய்க்குள்ள காத்து?”

“துளி இல்லை. டெல்லூரியத்தோட ஏழு வருஷமா மாரடிக்கிறேன் மேடம். அது உடம்புல ஏறி வாயெல்லாம் பூண்டு வாடை. வீட்டுல யாரும் பக்கத்துல வர்றதில்லை.”

“கையுறை போடுங்க சார். நீங்க வர்றது எனக்கு லிஃப்ட்லயே தெரிஞ்சுது.”

அவர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமையோடு முனைவர் பட்டத்துக்கான பதிவுக்காலம் முடிகிறது. கண்ணாடி வராவிட்டால் ஏழு வருட உழைப்பும் குப்பை. மிச்சமிருந்த ஒரே குழாய் உலைக்குள் இருந்தது.

“அந்தக் கட்டுரை போட்ட பத்திரிகைக்குப் பதினொரு பக்கம் கண்டனக் கடிதம் எழுதிட்டேன்.”

“அனுப்பாதீங்க. முதல்ல எனக்குச் செஞ்சு காட்டுங்க.”

உலையைத் திறந்தார். இடுக்கியால் குழாயை வெளியே எடுத்தார். செக்கச்செவேலென்று இருந்தது. காலடியில் பனிக்கட்டி மிதக்கும் வாளி.

ஐந்து தடவையும் நின்றதுபோல, வகுப்பில் நிற்பதுபோல, நிமிர்ந்து நின்றார்.

“கவனியுங்கள். இதற்குள் அணுக்கள் கலைந்து ஓடுகின்றன. மெதுவாக ஆறினால் வரிசையில் போய் நின்றுவிடும். அது படிகம். வரிசை கட்ட அவகாசமே கொடுக்காவிட்டால் கண்ணாடி. ஆகவே உடனே குளிர்விக்க வேண்டும். உடனே என்றால் எவ்வளவு உடனே? நல்ல கேள்வி. இதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம். முதலாவது...”

குழாயில் சிவப்பு போய்விட்டது.

“சார்,” என்றார் ரெஹானா. “திரும்ப உள்ளே வைங்க.”

“ஏன் மேடம்?”

“வைங்க.”

மறுபடி உருகும்வரை காத்திருந்தார்கள். அந்த நேரம் முழுக்க அவர் இரண்டாவது காரணத்தைச் சொன்னார். ரெஹானா டீ குடித்தார்.

உலை மறுபடி திறந்தது. குழாய் வெளியே வந்தது.

“கவனி...”

ரெஹானா அவர் மணிக்கட்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். குழாய் வாளிக்குள் விழுந்தது. புஸ்ஸென்று ஆவி.

“மேடம்! பெரியவங்களை இப்படியா அடிக்கிறது?”

“வலிச்சுதா சார்?”

“வலி கிடக்கட்டும், கடைசிக் குழாய் மேடம் அது!”

சாயங்காலம், குழாயை உடைத்து எடுத்த துண்டின் எக்ஸ்ரே படம் வந்தது. படிகத்துக்கு உரிய கூர்மையான கோடு ஒன்றுகூட இல்லை. சோம்பலாக ஒரு மேடு மட்டும். அசல் கண்ணாடி.

அருமைநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“அதே எடை. அதே சூடு. அதே தண்ணி. எப்படி மேடம்? இந்தத் தடவை நான் ஒண்ணுமே சொல்லலையே...”

சொன்னவர், அப்படியே வாயை மூடிக்கொண்டார்.