நாக்கை நீட்டிய நாய்

வெயிலுகந்தபுரத்தை மகிழபூபதி என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் கோபம் மட்டும் மூக்குக்கு மேல் வரும். பனிமலை நாட்டு மன்னர் அவருக்கு ஒரு நாயை அன்பளிப்பாக அனுப்பியிருந்தார். உடம்பெல்லாம் புசுபுசுவென்று ரோமம். பெயர் பஞ்சு.

சித்திரை மாதம், சபை கூடியது. பஞ்சு ராஜாவுக்கு எதிரே உட்கார்ந்து நாக்கை நீளமாகத் தொங்கவிட்டது.

“எனக்கே பழிப்புக் காட்டுகிறதா? எவன் பழக்கினான் இதை?” என்று ராஜா குதித்தார்.

நாயைப் பார்த்துக்கொள்ளும் மாடக்கண்ணு ஓடிவந்து கும்பிட்டான். “சாமி, பழிப்பு இல்லீங்க. நமக்கு உடம்பெல்லாம் வேர்க்குது. இதுக்கு அப்படி வேர்க்காதுங்க. இரைச்சு இரைச்சுத்தான் சூட்டை வெளியே தள்ளுது. கோடைன்னு ரோமத்தைக்கூட உதிர்க்குது.”

“கதை விடாதே! நாளைக்குள் அது வாயை மூட வேண்டும். இல்லையென்றால் நீ குடும்பத்தோடு நாட்டைவிட்டே போய்விடு.”

மாடக்கண்ணுவின் மனைவிக்கு நிறைமாதம். அந்த வெயிலில் அவளை எங்கே கூட்டிப்போவான், பாவம்! அழுதுகொண்டே அலங்காரம் பிள்ளையிடம் ஓடினான். ராஜாவிடம் வாய் கொடுத்துவிட்டு மீளத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

மறுநாள் உச்சிவேளையில் பிள்ளை சபையில் கும்பிட்டு நின்றார்.

“மகாராஜா, நாய் எசமானைப் பார்த்துத்தான் பழகும். தாங்கள் அதன் எதிரே ஒரு நாழிகை வாயை மூடி உட்கார்ந்தால் அதுவும் கற்றுக்கொள்ளும்.”

“இவ்வளவுதானா?”

“அதைப் போலவே உட்கார வேண்டும், அவ்வளவுதான்” என்று சொல்லி, இரண்டு தடித்த கம்பளிகளை ராஜாவின் மேல் போர்த்திக் கழுத்துவரை இறுக்கினார் பிள்ளை. சாமரம் வீசுகிறவர்களையும் வெளியே அனுப்பினார். “பஞ்சுவுக்கு யார் வீசுகிறார்கள்?”

கால் நாழிகை போயிற்று. ராஜாவின் முகம் சிவந்தது. வேர்வை வழிந்தது, கம்பளிக்குள் அது காய வழியில்லை. அரை நாழிகைகூட ஆகவில்லை, “ஹா... ஹா...” என்று ராஜா இரைக்க ஆரம்பித்தார். நாக்கு வெளியே வந்துவிட்டது.

பிள்ளை கைகட்டிக்கொண்டு பணிவாகக் கேட்டார்.

“மகாராஜா, யாருக்குப் பழிப்புக் காட்டுகிறீர்கள்? எனக்கா, பஞ்சுவுக்கா?”

ராஜா கம்பளியை உதறி எறிந்தார். விழுந்து விழுந்து சிரித்தார்.

“மாடக்கண்ணு எங்கேயும் போக வேண்டாம். அவன் வீட்டுக்குக் கறவைப் பசு ஒன்று அனுப்புங்கள். கோடை முடியும்வரை சபை குளத்தங்கரை மண்டபத்தில் நடக்கட்டும். இப்போது தண்ணீர் கொண்டுவாருங்கள்! முதலில் பஞ்சுவுக்கு!”