ஒன்பது முழ ஸ்கார்ஃப்

கோத்தகிரி மாதா கோயில் கூடத்தில் புதன்கிழமைதோறும் மதியம் பிலோமி டீச்சர் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா பின்னல் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு முப்பது வயது. அவளிடம் படித்தவர்களில் ஒரே ஆண் இருதயராஜ். வயது அறுபத்தாறு. தேயிலை லாரி ஓட்டி ஓய்ந்தவர்.

தங்கைக்கு ஒரு ஸ்கார்ஃப் பின்ன வேண்டும் என்று வந்து சேர்ந்திருந்தார். தங்கை மரியபுஷ்பம் வீட்டைக் காலிசெய்துவிட்டு டில்லியில் மகனோடு இருக்கப் போகிறாள். இனி திரும்பி வரமாட்டாள். டில்லியில் குளிர் அதிகம்.

தங்கையோடு அவர் பேசி ஆறு வருடம் ஆகிறது. அவர் மனைவி இறந்த அன்று, இரண்டு தெரு தள்ளியிருந்த தங்கை அடக்கத்துக்கு வரவில்லை. அவள் வீட்டில் மகனுக்கு நிச்சயதார்த்தம். ஆள் மூலம் ஒரு மாலை அனுப்பியிருந்தாள். அந்த மாலையைப் சவப்பெட்டிமேல் வைக்க இருதயராஜ் விடவில்லை. அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்று ஊரில் ஒருவரும் சொன்னதில்லை.

முதல் மாதத்திலேயே ஸ்கார்ஃப் நாலு முழம் வந்துவிட்டது. கழுத்துக்கு அது போதும். அவர் நிறுத்தவில்லை. அடுத்த மாதம் ஒன்பது முழம் ஆனது.

பக்கத்து நாற்காலி ரெஜினா கேட்டாள்: "என்ன அண்ணே, லாரியைச் சுத்திக் கட்டவா?"

"உன் வாயைக் கட்ட."

கூடம் சிரித்தது. அவர் அடுத்த வரிசையைத் தொடங்கினார்.

தங்கை புறப்பட இரண்டு நாள் இருந்தது. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

டீச்சர் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"எல்லாம் கேட்டுக் கத்துக்கிட்டீங்க ஐயா. எப்படி முடிக்கிறதுன்னு மட்டும் கேக்கவே இல்லையே?"

"முடிச்சா கொண்டுபோய்க் குடுக்கணும்ல?"

"குடுக்கத்தானே பின்னினீங்க?"

"தப்பு அவளோடது டீச்சர். நான் எதுக்கு அவ வாசப்படி ஏறணும்?"

டீச்சர் அவர் கையிலிருந்த பின்னலை வாங்கினாள். கடைசிக் கண்ணியிலிருந்து ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தாள். இரண்டு வரிசை சரசரவென்று அவிழ்ந்து மடியில் விழுந்தது.

"டீச்சர்! விடுங்க! என்ன பண்றீங்க?"

"கடைசிக் கண்ணி தொறந்து கெடக்கு ஐயா. யார் இழுத்தாலும் வரும். ஒன்பது முழமும் வரும்."

அவர் பின்னலைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"சரி. எப்படி முடிக்கிறது?"

"நூலை வெட்டணும். நுனியைக் கடைசிக் கண்ணிக்குள்ள விட்டு இழுக்கணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கத்தரியை அவர் கையில் கொடுத்தாள். நூலை அதன் வாயில் வைத்தார். வெட்டவில்லை.

"டீச்சர், நானே போய்க் குடுத்தா, அவ செஞ்சது சரின்னு ஆயிடாதா?"

டீச்சர் ஸ்கார்ஃபின் தொடக்கத்தை மேசைமேல் விரித்தாள். விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இங்க ஒரு கண்ணி விட்டுட்டீங்க. இங்க ரெண்டு. இந்த வரிசை முழுக்கக் கோணல்."

"தெரியுது."

"முடிச்சுப் போட்டா இதெல்லாம் சரியாயிடுமா?"

"ஆகாது."

"ஆகாதுதான். தப்பு தப்பாவேதான் இருக்கும் ஐயா. ஆனா கழுத்துக்குக் குளிராது."

அவர் நூலை வெட்டினார்.